சிறிய பெட்டிக்குள் ஒரு மாடுலர் சின்தசைசர்

கடையில் வாங்கும் கீபோர்டுக்குள் எந்த ஒலி எதன் வழியாகப் பயணிக்க வேண்டும் என்பதைத் தயாரித்தவர்களே தீர்மானித்து, உள்ளேயே இணைத்து மூடிவிடுகிறார்கள். மாடுலர் சின்தசைசரில் அந்த இணைப்புகள் எல்லாம் வெளியே, நம் கையில் இருக்கின்றன. ஒலியை உருவாக்கும் ஆசிலேட்டர், அதன் மேற்சுரங்களைச் செதுக்கும் ஃபில்டர், அதன் அளவைக் கூட்டிக் குறைக்கும் விசிஏ என்று ஒவ்வொன்றும் தனித்தனி மாடியூலாக இருக்க, அவற்றைச் சிறிய கேபிள்களால் நமக்கு வேண்டியபடி இணைப்பதையே ‘பேட்ச்’ செய்வது என்கிறோம். இன்று பொழுதுபோக்காக இதில் இறங்குபவர்களில் மிகப் பெரும்பாலோர் பயன்படுத்துவது, ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் ஏ-100 வரிசையோடு அறிமுகப்படுத்திய யூரோராக் அளவுமுறையாகும். மாடியூலின் உயரம் 128.5 மில்லிமீட்டர், அகலத்தை ‘ஹெச்பி’ என்ற அலகில் சொல்வார்கள், ஓர் ஹெச்பி 5.08 மில்லிமீட்டர். வழக்கமான 84 ஹெச்பி பெட்டியின் உள்ளகலம் ஏறத்தாழ 427 மில்லிமீட்டர் என்பதால், அது ஒரு சாதாரண மேசையின் ஓரத்தில் அடங்கிவிடும்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மாதமாவது கணினியில் விசிவி ராக் என்னும் மென்பொருளில் பழகுவது நல்லது. அதன் அடிப்படைப் பதிப்பு இலவசம். உண்மையான மாடியூல்களில் இருப்பதைப் போன்ற குமிழ்களும் ஜாக்குகளும் திரையில் தோன்றும். கேபிளைச் சுட்டியால் இழுத்துச் செருக வேண்டும். கையால் குமிழைத் திருப்பும் சுகம் அதில் இல்லை என்பது உண்மைதான், ஆனால் நமக்கு எந்த மாடியூல் திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறது, எதைச் சேர்த்துவிட்டு ஒரு வாரமாகத் தொடவே இல்லை என்பதை ஒரு காசு செலவில்லாமல் அது காட்டிக் கொடுத்துவிடும்.

அப்படிப் பழகியவர்கள் எல்லோரும் கண்டுகொள்ளும் செய்தி ஒன்று உண்டு: புதியவர்கள் ஒலி தரும் மாடியூல்களையே தேடி வாங்குகிறார்கள், பேட்சுக்கு உயிர் தருவதோ அந்த ஒலியைக் கட்டுப்படுத்தும் எளிய மாடியூல்கள்தான். மாடுலரில் ஒலியும் மின்னழுத்தம், அதை ஆளும் கட்டளையும் மின்னழுத்தம். ஆகவே விசிஏ என்பது வெறும் ஒலியளவுக் குமிழ் அல்ல. மெதுவாக அலையும் எல்எஃப்ஓவின் அலைவை இன்னொரு மின்னழுத்தத்தால் கூட்டவும் குறைக்கவும் அது உதவும், அப்போதுதான் ஒரே அதிர்வு சில இடங்களில் தோன்றி மறைந்து உயிருள்ளதாகக் கேட்கும். முதல் பெட்டிக்கு நான் சொல்வது இவ்வளவே: ஒரு நல்ல ஆசிலேட்டர், பின்னர் இன்னொன்று, ஒரு ஃபில்டர், குறைந்தது இரண்டு விசிஏ, சுரம் எழுந்து தேயும் வடிவத்தைத் தரும் ஒரு என்வலப், ஒரு எல்எஃப்ஓ, மின்னழுத்தங்களைப் படிப்படியாக வரிசையில் அனுப்பும், நான்கு படிகளாவது உள்ள ஒரு சீக்வென்சர், ஒரு மிக்சர், மின்னழுத்தத்தைத் தணிக்கும் ஓர் அட்டெனுவேட்டர், கடைசியாக ஓர் அவுட்புட் மாடியூல். கடைசியில் சொன்னதை ஆடம்பரம் என்று ஒதுக்க வேண்டாம். மாடுலருக்குள் ஒலி பெரும்பாலும் கூட்டல் கழித்தல் 5 வோல்ட் வரை ஊசலாடும். வழக்கமான ஆடியோ கருவிகள் எதிர்பார்ப்பது அதைவிட மிகக் குறைவு என்பதால், அளவைக் குறைக்காமல் ஹெட்ஃபோனுக்கு அனுப்பினால் காதுக்கும் கருவிக்கும் கேடு.

மின்சார விஷயத்தில் மட்டும் சிக்கனமும் துணிச்சலும் கூடாது. யூரோராக்கிற்குக் கூட்டல் 12, கழித்தல் 12 வோல்ட்டும், சில மாடியூல்களுக்கு மட்டும் 5 வோல்ட்டும் தேவை. ஒவ்வொரு மாடியூலும் இந்த மின்னழுத்த இழைகள் ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிஆம்பியர் எடுக்கிறது என்பது அதன் குறிப்பில் இருக்கும். அவற்றை இழைவாரியாகத் தனித்தனியே கூட்டி, அதற்கு மேல் நான்கில் ஒரு பங்காவது மிச்சம் இருக்கும் சப்ளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டு மின்சாரம் நேராக உள்ளே வரும் சப்ளையைத் தொடக்கக்காரர்கள் தாமே கட்ட முயல வேண்டாம். வெளியே அடாப்டர் உள்ள ஆயத்தப் பெட்டியே போதும். மாடியூலை இணைக்கும் தட்டை கேபிளின் சிவப்புக் கோடு கழித்தல் 12 வோல்ட் பக்கத்தைக் குறிக்கும். அந்தக் கோடு மேலே வர வேண்டுமா கீழே வர வேண்டுமா என்று ஊகிக்காமல், மாடியூலின் பலகையில் அச்சிட்டுள்ள குறியைப் பார்த்தே செருக வேண்டும். நான் ஒருமுறை இரவு பதினொரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், ஃபில்டரைத் தலைகீழாகச் செருகிவிட்டேன். சுவிட்சைப் போட்ட மறுகணம் எழுந்த கருகல் நாற்றம் அறையைவிட்டுப் போக இரண்டு நாள் ஆனது. அன்றிலிருந்து, கேபிளை மாற்றும்போது மின்சாரத்தை அணைப்பதும், போடுவதற்கு முன் டார்ச் அடித்து ஒருமுறை பார்ப்பதும் பழக்கமாகிவிட்டன.

முதல் பேட்சாகத் தம்புராவைப் போன்ற ஒரு சுருதியை உருவாக்கப் பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் அது மாடுலரின் அடிப்படைக் கணக்கைக் காதாலேயே கற்றுத் தந்துவிடுகிறது. யூரோராக்கில் மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஏறும். ஆகவே ஓர் அரைச்சுரம் என்பது பன்னிரண்டில் ஒரு வோல்ட், அதாவது 0.083. சீக்வென்சரின் நான்கு படிகளைத் தம்புராவின் நான்கு தந்திகளாக எண்ணிக்கொண்டு, கீழ் ஷட்ஜத்தைச் சுழியத்தில் வைத்தால், வரிசை பஞ்சமம், மேல் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், கீழ் ஷட்ஜம் என்று 0.585, 1, 1, 0 வோல்ட்டாக அமையும். இதை முதல் ஆசிலேட்டரின் சுர நுழைவுக்கு அனுப்பி, அதிலிருந்து வரும் ரம்ப அலையை ஃபில்டருக்கும், அங்கிருந்து விசிஏவுக்கும் கொண்டு செல்லவும். சீக்வென்சர் ஒவ்வொரு படியிலும் தரும் ‘கேட்’ என்னும் தொடக்கச் சைகை என்வலப்பைத் தூண்ட, என்வலப் விசிஏவைத் திறக்கட்டும். ஒவ்வொரு படியும் மூன்று விநாடி நிற்கும்படி வேகத்தைக் குறைத்து, என்வலப்பின் தேய்வை நீளமாக வைக்கவும். இரண்டாவது ஆசிலேட்டரைக் கீழ் ஷட்ஜத்தில் அசையாமல் நிறுத்தி, தாழ்ந்த அளவில் மிக்சரில் சேர்க்கவும்.

இனித்தான் காது வேலை செய்ய வேண்டும். பியானோ முறையில் சமமாகப் பகுத்த பஞ்சமம் 0.583 வோல்ட், இயற்கையான 3:2 விகிதப் பஞ்சமம் 0.585. வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம், ஆனால் ஷட்ஜம் 130 ஹெர்ட்ஸில் இருக்க, பஞ்சமத்தை 0.583இல் வைத்தால், ஷட்ஜத்தின் மும்மடங்கு அதிர்வெண்ணுள்ள மேற்சுரமும் பஞ்சமத்தின் இருமடங்கு அதிர்வெண்ணுள்ள மேற்சுரமும் உரசி, ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு ஒருமுறை விம்மல் எழுப்பும். சீக்வென்சரின் குமிழை மயிரிழை நகர்த்தி அந்த விம்மல் அடங்கும் இடத்தைப் பிடித்தால், பஞ்சமம் ஷட்ஜத்துக்குள் கரைந்து உட்கார்வதைக் கேட்கலாம். அனலாக் ஆசிலேட்டர்கள் வெப்பத்துக்கு ஏற்ப விலகும் என்பதால், மின்சாரம் போட்டு இருபது நிமிடம் கழித்துச் சுருதி சேர்ப்பதே பயன் தரும். அடுத்து, ஃபில்டர் வெட்டும் எல்லையருகே உள்ள மேற்சுரங்களைத் தூக்கிக் காட்டும் ரெசனன்ஸை உயர்த்தி, அந்த எல்லையை இரண்டாவது என்வலப்போ எல்எஃப்ஓவோ மெல்ல இறக்கும்படி செய்தால், மேற்சுரங்கள் ஒவ்வொன்றாக மினுங்கி இறங்கும். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே வைக்கும் ஜீவாளி நூல் செய்யும் மாயத்துக்கு இதைவிட நெருக்கமாக வேறெந்த மின்கருவியிலும் நான் போனதில்லை. ஒரு ஆசிலேட்டர் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே தரும் என்பதால், தந்திகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒலிக்கும் நிறைவு மட்டும் கிடைக்காது.

இந்தியாவில் இதற்கொரு பழைய தொடர்பும் உண்டு. 1969இல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் நிறுவனத்தின் மாடுலர் அமைப்பு ஒன்றை நிறுவ உதவினார்; அதைக் கொண்டு அங்கே மின்னிசை உருவாக்கப்பட்டது.

சுருதி கைவந்தபின் அதன்மேல் ஒரு மெல்லிசைக் கோட்டைச் சேர்க்கலாம். தற்செயலான மின்னழுத்தங்களை குவாண்டைசர் வழியாக அனுப்பினால் அது அவற்றை அருகிலுள்ள சுரத்துக்கு இழுத்து நிறுத்தும், 0, 0.167, 0.333, 0.583, 0.75 ஆகிய நிலைகளை மட்டும் அனுமதித்தால் வருவது மோகனத்தின் சுரங்களே. சுரங்கள்தான், மோகனம் அல்ல. கமகத்தைக் குவாண்டைசரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒரே சுர மின்னழுத்தத்தை இரு ஆசிலேட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது, வெறும் கம்பி இணைப்பான பாசிவ் மல்ட்டிபிளை நம்பாமல், மின்னழுத்தம் குறையாமல் காக்கும் பஃபர் உள்ளதைப் பயன்படுத்த வேண்டும். 1 கிலோஓம் உள்மின்தடையுள்ள மாடியூலில் 100 கிலோஓம் உள்ள ஒரு நுழைவைச் சேர்த்தால் மின்னழுத்தம் ஒரு சதவீதம் குறையும், இரண்டைச் சேர்த்தால் இன்னொரு சதவீதம். ஒரு ஸ்தாயிக்கு அது 12 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கே ஒரு சென்ட்), காதுக்குத் தெளிவாகக் கேட்கும் பிசிறு.

சால்டரிங் பழக விரும்புவோர் மின்சாரமே தேவைப்படாத அட்டெனுவேட்டரில் தொடங்கலாம். இரண்டு 3.5 மில்லிமீட்டர் மோனோ ஜாக்குகள், ஒரு 100 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர், ஒரு சிறு அலுமினியத் தகடு, இவ்வளவே பொருள்கள். நுழைவு ஜாக்கின் முனையைப் பொட்டென்ஷியோமீட்டரின் ஓரக் காலிலும், வெளியேற்ற ஜாக்கின் முனையை நடுக்காலிலும், மற்ற ஓரக் காலை இரு ஜாக்குகளின் கிரவுண்டிலும் பற்றவைத்தால் வேலை முடிந்தது. குமிழ் எதிர்த்திசையில் வேலை செய்தால் இரு ஓரக் கால்களை மாற்றிப் பற்றவைக்க வேண்டும். எல்எஃப்ஓவின் ஆட்டத்தைத் தணிப்பதற்கு இது மிகப் பொருத்தம். சுர மின்னழுத்தத்துக்கு மட்டும் வேண்டாம்.

ஒரு பேட்ச் பிடித்துப்போனால் அதை அப்படியே வைத்துக்கொள்ளும் ஆசை எழும். மாடுலருக்கு நினைவாற்றல் கிடையாது; குமிழ்களைப் படமெடுத்து வைத்தாலும் அதே ஒலி மறுபடி வருவது அரிது. அன்றன்றைக்குப் பத்து நிமிடமாவது பதிவு செய்துவிட்டு, எல்லாக் கேபிள்களையும் பிடுங்கி, மறுநாள் வெறும் பெட்டியிலிருந்து தொடங்குவதே எனக்கு ஒத்துவந்த முறை. பதிவுகளின் பெயரில் தேதியும், அன்றைக்குச் சுருதி நின்ற ஹெர்ட்ஸும் இருந்தால், பின்னொரு நாள் இரண்டு பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வசதியாக இருக்கும்.