கிருபை, விசுவாசம், கிரியை: மூணையும் போட்டுக் குழப்பிக்காம படிக்கிறது எப்படி

"விசுவாசிச்சா மட்டும் போதுமா, நல்லது செஞ்சாத்தான் ரட்சிப்பா (பாவத்துலேருந்து மீட்பா)"ன்னு பைபிள் ஸ்டடில யாராச்சும் கேட்டுட்டா போதும், பாதி பேர் அப்போஸ்தலர் பவுலோட எபேசியர் நிருபத்தைத் திறப்பாங்க, பாதி பேர் யாக்கோபோட நிருபத்தைத் திறப்பாங்க, முக்கால் மணி நேரம் கழிச்சும் எல்லாரும் ஆரம்பிச்ச எடத்துலயே நிப்போம். நானும் பல வருஷம் அங்கதான் நின்னேன். ஊழியத்துக்குப் போகாத வாரத்துல தேவன் எம்மேல கோவமா இருக்காருன்னு நெனச்சுத் தூக்கம் வராமக் கெடந்திருக்கேன், அதனால இது எனக்கு வெறும் வாக்குவாதம் கெடயாது. எனக்குத் தெளிவு கெடச்ச வழியை அப்படியே சொல்றேன், பைபிளைத் திறந்து வச்சுக்கிட்டுப் படிங்க.

மொதல்ல எபேசியர் 2-ம் அதிகாரம், 8-லேருந்து 10 வரைக்கும் மூணு வசனத்தையும் ஒரே மூச்சுல வாசிங்க. நெறைய பேரு 9-லயே நிறுத்திடறோம், மனப்பாடம் பண்றதும் அது வரைக்கும்தான், பாதி குழப்பம் அங்கயே தொடங்கிடுது. வாசிச்சுட்டு ஒரு பென்சில் எடுத்து கிருபை (தகுதி பாக்காம தேவன் காட்டுற தயவு), விசுவாசம், கிரியை (நாம செய்யிற செயல்)ங்கிற மூணு வார்த்தையோட கடைசில என்ன ஒட்டியிருக்குன்னு மட்டும் பாருங்க. கிருபையினா"லே". விசுவாசத்தை"க்கொண்டு". நற்கிரியைகளைச் செய்கிற"தற்கு". ஸ்கூல்ல படிச்ச வேற்றுமை உருபுதான். "ஆல்"னா காரணம், "கொண்டு"ன்னா வாங்கிக்கிற கை, "கு"ன்னா போய்ச் சேர வேண்டிய எடம். கிரியைக்கு "ஆல்" போட்டா அதுக்குப் பேரு சம்பளம், கிரியைக்கு "கு"வே போடாம விட்டா அது வெறும் பேச்சு. எந்தப் பிரசங்கம் கேட்டாலும் இந்த மூணு உருபும் அதது எடத்துல இருக்கான்னு பாத்தீங்கன்னா எங்க தடம் மாறுதுன்னு ஒங்களுக்கே தெரிஞ்சிடும். (நீங்க வாசிக்கிறது பொது மொழிபெயர்ப்பா இருந்தா அருள், நம்பிக்கை, செயல்னு இருக்கும், விஷயம் ஒண்ணுதான்.)

அடுத்து பவுலையும் யாக்கோபையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. பவுல் எழுதின ரோமர் 3:28 விசுவாசத்தினால நீதிமான் (தேவன் முன்னாடி குத்தமில்லாதவன்)னு சொல்லுது, யாக்கோபு 2:24 விசுவாசத்தினாலே மாத்திரமல்லன்னு சொல்லுது, நேருக்கு நேரா மோதுற மாதிரிதான் இருக்கும். இங்க அவசரப்பட்டு ஒரு பக்கம் சாயாதீங்க, இவங்க யாருகிட்ட பேசுறாங்கன்னு கேளுங்க. பவுல் பேசுறது விருத்தசேதனமும் (நுனித்தோலை நீக்குற யூதச் சடங்கு) நியாயப்பிரமாணமும் (மோசே குடுத்த சட்டம்) இருந்தாத்தான் தேவன் ஏத்துக்குவாருன்னு சொன்ன ஆளுங்களுக்கு எதிரா. யாக்கோபு முன்னாடி நிக்கிறது வேற ஆளு, உடுத்தத் துணி இல்லாம சாப்பாடு இல்லாம நிக்கிற சகோதரனைப் பாத்து "சமாதானமா போங்க"ன்னு சொல்லிட்டுக் கையை மூடிக்கிறவன், கேட்டா எனக்கு விசுவாசம் இருக்குன்னு சொல்றவன். அவன்கிட்டதான் பிசாசுகளும் விசுவாசிக்குதுன்னு யாக்கோபு சொல்றார்.

இதுல அழகு என்னன்னா ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டது ஒரே ஆளை, ஒரே வசனத்தை. ஆதியாகமம் 15:6, ஆபிரகாம் விசுவாசிச்சான், அது அவனுக்கு நீதியா எண்ணப்பட்டுது. இப்ப வயசைக் கணக்குப் போடுங்க, நான் இதைப் போட்டுப் பாத்த அன்னிக்குத்தான் எனக்குத் தலைல இருந்த பாரம் எறங்குச்சு. மூத்த மகன் இஸ்மவேல் பொறக்கும்போது ஆபிரகாமுக்கு 86 வயசு, 15-ம் அதிகாரம் அதுக்கும் முன்னாடி. விருத்தசேதனம் பண்ணிக்கிட்டது 99 வயசுல. அப்போ நீதிமான்னு எண்ணப்பட்டதுக்கும் அந்தச் சடங்குக்கும் நடுவுல கொறஞ்சது 13 வருஷம். ரோமர் 4-ல பவுல் கையைக் காட்டுறது இந்த இடைவெளியத்தான். யாக்கோபு அதே ஆபிரகாமை இன்னும் பின்னாடி போய்ப் பாக்குறார், ஈசாக்கு பொறந்தப்பவே ஆபிரகாமுக்கு 100 வயசு, அந்தப் பையன் வெறகு சுமந்து மலையேறுற அளவுக்கு வளந்த பெறகு, தேவன் கேட்டதுக்காக அவனைப் பலியாக் குடுக்க ஆபிரகாம் துணிஞ்ச 22-ம் அதிகாரத்துல. அங்க நின்னுக்கிட்டு அந்தப் பழைய வசனம் "நிறைவேறிற்று"ன்னு யாக்கோபு சொல்றார். அந்த ஒரு வார்த்தைய அடிக்கோடு போடுங்க. 15-ல சொன்னது 22-ல கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதான். பவுல் தொடக்கத்தைக் காட்டுறார், யாக்கோபு அது எங்க வந்து நின்னுச்சுன்னு காட்டுறார்.

சபை வரலாறும் கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது, இல்லன்னா மத்த சபைக்காரங்க சொல்லாததைச் சொன்னதா நெனச்சுச் சண்டை போடுவோம். 1522-ல, புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கின லூத்தர் ஜெர்மன்ல புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தப்ப ரோமர் 3:28-ல "மட்டும்"ங்கிற வார்த்தையைச் சேத்தார், வசனத்தோட அர்த்தமே அதுதான்னு வாதாடினார். கத்தோலிக்கச் சபை 1547-ல திரெந்து சங்கத்துல (பிஷப்மாருங்க கூடின பேரவை) பதில் சொல்லிச்சு. கிரியையால ரட்சிப்பைச் சம்பாதிக்கலாம்னு அங்க சொன்னதா பல பேரு நெனக்கிறாங்க, அது தப்பு, நீதிமானாக்கப்படுறதுக்கு முந்தி செய்யிற எதுவும் அந்தக் கிருபையைச் சம்பாதிக்காதுன்னுதான் அங்கயும் இருக்கு. அதுக்கப்புறம் அந்த நீதி நல்ல செயல்களால வளருமாங்கிறதுலதான் பிரிஞ்சாங்க. 1999 அக்டோபர் 31, ஆக்ஸ்பர்க்ல லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கச் சபையும் ஒரு கூட்டறிக்கைல கையெழுத்துப் போட்டாங்க, நம்ம தகுதியால இல்ல, கிருபையினால மட்டுமே தேவன் நம்மள ஏத்துக்குறார், அப்புறம் நற்செயலுக்கு நம்மளத் தகுதிப்படுத்துறார்னு சேந்து சொன்னாங்க. 2006-ல மெத்தடிஸ்ட் சபைகளும் அதுல சேந்துக்கிட்டாங்க. வித்தியாசம் எல்லாம் தீந்துடலை, ஆனா பேசிக்கிற அளவுக்கு வந்திருக்கு.

இனி தெனசரி வாழ்க்கைல இதை எப்படி வச்சுக்கிறது. ஏதாவது நல்லது செய்யும்போது, இதை நான் செய்யாம விட்டா தேவன் என்னைக் கை விட்டுடுவார்னு பயமா இருக்கான்னு ஒங்களையே கேளுங்க. ஆமான்னா செய்யிறதை நிறுத்தாதீங்க, தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க, எதுத்தாப்ல நிக்கிறவனுக்கு அந்த உதவி வேணும், ஆனா அன்னிக்கு எபேசியர் 2:8-ஐத் திரும்பவும் வாசிங்க. அதே மாதிரி பல மாசமா யாருக்காகவும் நேரமோ காசோ செலவாகலை, மனசும் உறுத்தலைன்னா ஒங்களுக்கு யாக்கோபு 2. மாத்தி எடுத்துடக் கூடாது, பயந்து நடுங்குறவன்கிட்ட யாக்கோபைக் காட்டி இன்னும் நசுக்கிடறோம், அசந்து தூங்குறவன்கிட்ட கிருபையைச் சொல்லி இன்னும் தூங்க வச்சிடறோம், ரெண்டையும் நான் பாத்திருக்கேன்.

வரி வசூலிக்கிறவனான சகேயுவை வாசிக்கும்போது வசன எண்ணைக் கவனிங்க, லூக்கா 19. "இன்னிக்கு ஒன் வீட்டுல தங்கணும்"னு இயேசு சொல்றது 5-ல, பாதி சொத்தை ஏழைகளுக்குத் தரேன், அநியாயமா வாங்கினதை நாலத்தனையா திருப்பித் தரேன்னு அவன் சொல்றது 8-ல. 8 முடிஞ்சு 5 வரல.

படுக்கைல இருக்கிறவங்க, வயசானவங்க பல பேரு "என்னால இப்ப ஒண்ணும் செய்ய முடியலையே"ன்னு அழுவாங்க. அவங்களுக்கு இயேசுவுக்குப் பக்கத்துல சிலுவைல தொங்கின அந்தக் கள்ளனை வாசிச்சுக் காட்டுங்க, லூக்கா 23. அவனுக்கு ஞானஸ்நானம் இல்ல, காணிக்கை இல்ல, கையும் காலும் ஆணியில இருக்கு, பரதீசு கெடச்சுது. ஆனா 40, 41-ம் வசனங்களை விட்டுடாதீங்க, அந்த நெலமைலயும் பக்கத்துல தொங்கினவனைப் பாத்து "நீ தேவனுக்குப் பயப்படுறதில்லையா, இவரு தப்பு ஒண்ணும் செய்யலையே"ன்னு பேசினான். அவன்கிட்ட மிச்சமிருந்தது வாய் மட்டும்தான்.