டைட்டானிக் பிறந்த ஊருக்குப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘டைட்டானிக் ஹோட்டல்’ என்று தேடினால் இரண்டு ஊர்கள் வந்து நிற்கும். ஒன்று இங்கிலாந்தின் லிவர்பூல், இன்னொன்று வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட். விலையை மட்டும் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட்டு, ஊர்ப் பெயரை அப்புறம் கவனிப்பவர்கள் இருக்கிறார்கள். லிவர்பூலில் இருப்பது ஸ்டான்லி துறைமுகத்தின் பழைய சரக்குக் கிடங்கு. அழகான கட்டடம்தான். டைட்டானிக் பதிவான துறைமுகம் லிவர்பூல் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கப்பல் லிவர்பூலுக்கு ஒரு நாள்கூட வந்ததில்லை. கப்பலை வரைந்து, இரும்பு அடித்து, தண்ணீரில் இறக்கிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பெல்ஃபாஸ்ட்தான்.

அடுத்தது விசா. டப்ளின்வரை வந்துவிட்டோம், ரயிலில் இரண்டு மணி நேரச் சொச்சம்தானே, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம் என்று கிளம்புவது பெரிய தவறு. டப்ளின் இருப்பது அயர்லாந்துக் குடியரசில். பெல்ஃபாஸ்ட் இருப்பது ஐக்கிய இராச்சியத்தில். வழியில் எல்லைச் சாவடி எதுவும் கண்ணில் படாது. அதனால் விசா தேவையில்லை என்று ஆகிவிடாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து விண்ணப்பித்து, விசாவில் பிஐவிஎஸ் என்ற குறிப்பு இருந்தால் ஒரே விசாவில் இரண்டு பக்கமும் போகலாம். ஆனால் எந்த நாடு விசா கொடுத்ததோ அந்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்தச் சலுகை இல்லை, இரண்டு விசாவும் தனித்தனியாக எடுக்க வேண்டும். பணமும் மாறும்: டப்ளினில் யூரோ, பெல்ஃபாஸ்டில் பவுண்டு. அங்குள்ள வங்கிகள் சொந்தமாக பவுண்டு நோட்டு அச்சிடுகின்றன. அவற்றை லண்டன் கடைகளில் சிலர் வாங்கத் தயங்குவார்கள், ஊரைவிட்டுக் கிளம்பும் முன் செலவழித்துவிடுங்கள்.

சரி, இனி ஹோட்டலுக்கு வருவோம். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

டைட்டானிக் ஹோட்டல் பெல்ஃபாஸ்ட் 2017இல் திறந்தது, 119 அறைகள். கப்பலின் முதல் வகுப்பு அறை மாதிரி இருக்கும், மாடிப்படிக்கு மேல் கண்ணாடிக் குவிமாடம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துதான் போவீர்கள். அது கப்பலின் நகல் இல்லை. ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கப்பல் கட்டும் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் அது. அதன் உயிர்நாடி இரண்டு வரைபடக் கூடங்கள். உள்ளே நுழைந்ததும் கூரையை நிமிர்ந்து பாருங்கள்: பீப்பாயை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்தது போல வளைந்த உயரமான வெள்ளைக் கூரை, பெரிய பெரிய ஜன்னல்கள். அழகுக்காக மட்டும் செய்ததில்லை. மேசையில் குனிந்து மெல்லிய கோடுகளை நாள் முழுக்க இழுக்கும் வரைவாளருக்குப் பகல் வெளிச்சம் தாராளமாக வேண்டும், தன் கையின் நிழலே தன் கோட்டின் மேல் விழக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு வெளிச்சம். டைட்டானிக், அதன் அக்கா கப்பலான ஒலிம்பிக் இரண்டும் காகிதத்தில் உருவானது இந்த வெளிச்சத்தில். அலெக்சாண்டர் கார்லைல் தொடங்கிய வடிவமைப்பு வேலை, அவர் 1910இல் ஓய்வு பெற்றதும் தாமஸ் ஆண்ட்ரூஸ் கைக்கு வந்தது. கப்பலில் கூடவே போய், 39 வயதில் அதோடு மூழ்கினாரே, அவர்தான்.

இரண்டு கூடங்களில் ஒன்று இப்போது ஹோட்டலின் பார். அங்கே தங்கினால்தான் பார்க்க முடியும் என்று நினைத்து வாசலோடு திரும்புவது பலர் செய்யும் தவறு. ஒரு காபி வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தாலே போதும். ஆனால் கல்யாணம், கூட்டம் என்று ஏதாவது நடக்கும் நாளில் கூடங்கள் பூட்டியிருக்கலாம், போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். தங்குவதாக இருந்தால், அறை எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள். ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதில் இங்கே பெரிய வித்தியாசம் உண்டு.

பக்கத்தில் நான்கு கப்பல் முனைகள் சேர்ந்து நிற்பது போல வெள்ளியாக மின்னுகிறதே, அது டைட்டானிக் பெல்ஃபாஸ்ட் கண்காட்சியகம். 2012 மார்ச் 31 அன்று திறந்தது. கப்பலின் முன்பகுதி எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். ஹோட்டலும் இதுவும் வேறு வேறு. ஹோட்டலில் அறை எடுத்தால் இதற்கு டிக்கெட் தானாக வராது, இரண்டையும் சேர்த்த பேக்கேஜ் என்று பார்த்து வாங்கியிருந்தால் தவிர. டிக்கெட்டில் நுழையும் நேரம் குறித்திருப்பார்கள் என்பதால் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. உள்ளே குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும். கப்பல் பயணத்துக்கு முன்பே பாதிக் கண்காட்சி போய்விடும்: அன்றைய பெல்ஃபாஸ்டின் லினன் ஆலைகள், கயிறு ஆலைகள், கப்பல் கட்டும் தளத்தின் இரைச்சல், இரும்புத் தகடுகளை இணைக்க ஏறத்தாழ 30 லட்சம் ரிவெட் ஆணிகளை அடித்த கைகள். பனிப்பாறை எங்கே என்று இதையெல்லாம் வேகமாகக் கடந்து ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது கேட்பதில்லை. மூழ்கிய கதையை உலகில் எங்கே இருந்தும் தெரிந்துகொள்ளலாம். கட்டிய கதையை இந்த ஊர்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று, அந்தப் புகழ்பெற்ற மாடிப்படி. அதன் நகல் இந்தக் கட்டடத்தில் இருப்பது உண்மை. ஆனால் மேல்தளத்தில், விருந்துகள் நடக்கும் மண்டபத்தில் இருக்கிறது. சாதாரண டிக்கெட்டில் பார்க்கும் வழியில் அது வராது. குழந்தைகளிடம் அதைக் காட்டுகிறேன் என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. கண்காட்சியகத்தைப் பார்த்து முடித்துவிட்டு, முன்வாசல் வழியாகவே பஸ்ஸுக்குப் போய்விடுவது. கட்டடத்தின் பின்பக்கம் போங்கள். ஒலிம்பிக்கும் டைட்டானிக்கும் அருகருகே நின்று வளர்ந்த சரிவுத்தளங்கள் அங்கேதான் இருக்கின்றன. காசு எதுவும் கிடையாது. 1909 மார்ச் 31 அன்று இங்கே முதல் இரும்பு போட்டார்கள். 1911 மே 31 அன்று கப்பல் இந்தச் சரிவில் இறங்கித் தண்ணீரைத் தொட்டது. தரையில் கப்பலின் தளம் முழு அளவில் கோடாக வரைந்திருக்கிறது. 269 மீட்டர் என்று படிக்கும்போது உறைக்காது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பாருங்கள், காற்று முகத்தில் அடிக்கும், அப்போது புரியும். மழைக்கோட்டு இல்லாமல் மட்டும் போகாதீர்கள்.

அங்கே நின்று படமெடுக்கும்போது பின்னால் இரண்டு பிரம்மாண்டமான மஞ்சள் பாரந்தூக்கிகள் தெரியும். சாம்சன், கோலியாத் என்று பெயர். டைட்டானிக்கைத் தூக்கிய கிரேன்கள் என்று பலரும் எழுதிப் பகிர்கிறார்கள். கோலியாத் வந்தது 1969இல், சாம்சன் 1974இல். டைட்டானிக் வளர்ந்தது ஆரோல் என்ற இரும்புச் சாரத்துக்குள், அது இப்போது இல்லை.

கப்பலின் எண் 390904 என்றும், அதைக் கண்ணாடியில் பார்த்தால் ‘போப் வேண்டாம்’ என்ற கத்தோலிக்க எதிர்ப்புக் கோஷம் ஆங்கிலத்தில் தெரியும் என்றும், அந்தச் சாபத்தால்தான் மூழ்கியது என்றும் ஒரு கதை வெகுநாளாக உலவுகிறது. பொய். தளத்தில் டைட்டானிக்கின் எண் 401. ஆனால் அந்தக் கதைக்குப் பின்னால் ஓர் உண்மையான காயம் இருக்கிறது. 1912 ஜூலையில் ஆயிரக்கணக்கான கத்தோலிக்கத் தொழிலாளர்களை பெல்ஃபாஸ்ட் கப்பல் தளங்களிலிருந்து அடித்து விரட்டினார்கள். ஊர்க்காரர்களிடம் அந்தக் கதையை வேடிக்கையாக எடுத்து விடாதீர்கள்.

டிக்கெட்டிலேயே அடங்கியிருந்தும் பலர் விட்டுவிடுவது நொமாடிக் கப்பலை. நேரமாகிவிட்டது என்பார்கள். ஹாமில்டன் துறையில், ஐந்து நிமிட நடையில் நிற்கிறது. 1911இல் இதே ஊரில் கட்டியது, டைட்டானிக்கின் நீளத்தில் கால்வாசி. பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்தில் பயணிகளைக் கரையிலிருந்து டைட்டானிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த படகு. பிறகு பாரிஸில் சென் ஆற்றில் உணவகமாக மிதந்து, ஏலத்துக்கு வந்து, 2006இல் ஊர் திரும்பியது. டைட்டானிக்கை ஓட்டிய வைட் ஸ்டார் நிறுவனத்தின் கப்பல்களில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அதன் மரப்பலகைகளைத் தொட்டுப் பார்க்கலாம், டைட்டானிக்கைத் தொட முடியாது.

நகர மண்டபத் தோட்டத்தில் இருக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் போய் வாருங்கள். 1920இல் வைத்த பளிங்குச் சிலையில் பெல்ஃபாஸ்ட் ஆட்கள் 22 பேரின் பெயர்கள் மட்டும், கப்பலில் வகித்த பதவி வரிசையில். 2012இல் பக்கத்தில் வைத்த வெண்கலப் பலகைகளில் 1,512 பேரின் பெயர்களும் அகர வரிசையில்.

சாமுவேல் ஸ்காட் பெயர் இரண்டிலும் இருக்காது. 15 வயதுப் பையன், ரிவெட் குழுவில் வேலை. 1910 ஏப்ரலில் டைட்டானிக்கின் ஏணியிலிருந்து விழுந்து மண்டை உடைந்து இறந்தான். அந்தக் கப்பலைக் கட்டும்போது இறந்த எட்டுப் பேரில் முதல் ஆள். ஃபால்ஸ் சாலையில் உள்ள நகரக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள், கல்கூட வைக்கவில்லை. 2011இல்தான் பெயர் பொறித்த கல் வந்தது. நகர மையத்திலிருந்து பஸ்ஸில் போய்விடலாம்.