பிலிப்பைன் பாஸ்போர்ட்டோடு பசிபிக் தீவுகளுக்கு: விசா முதல் விமானப் பாதை வரை

சிங்கப்பூரிலும் துபாயிலும் பிலிப்பினோக்களோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். திருமணம் செய்துகொண்டு ஒரே வீட்டில் வாழ்பவர்களும் இருக்கிறார்கள். "ஃபிஜி போகலாமா, பலாவ் போகலாமா, விசா வேண்டுமா?" என்ற பேச்சு இந்த வீடுகளில் அடிக்கடி எழும். இணையத்தில் தேடினால் "விசா தேவையில்லாத நாடுகள்" என்று ஒரு பட்டியல் கிடைக்கும். அதை மட்டும் நம்பி டிக்கெட் எடுப்பவர்கள்தான் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பசிபிக்கில் பெரும்பாலான தீவுகளுக்கு மணிலாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. இடையில் ஒரு நாட்டில் இறங்கித்தான் ஏற வேண்டும். நீங்கள் போகும் தீவு விசா கேட்காமல் இருக்கலாம், ஆனால் இடையில் இருக்கும் நாடு கேட்கும். அதனால் தீவையும் பாதையையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். இந்த விளக்கம் முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதல் படி: பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

ஊர் திரும்பும் நாளிலிருந்து எண்ணினால் பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்கட்டும். சில தீவுகள் இதைவிடக் குறைவாகக் கேட்டாலும், இடையில் இறங்கும் நாடும் விமான நிறுவனமும் ஆறு மாதத்தைத்தான் அளவுகோலாக வைத்திருக்கும். 2018 முதல் பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு பாஸ்போர்ட் வழங்கப்படுகிறது, குழந்தைகளுக்கு ஐந்து ஆண்டுதான். குடும்பமாகப் போகும்போது குழந்தையின் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். புதுப்பிக்க வேண்டுமானால் வெளியுறவுத் துறையில் இணையவழி நேரம் வாங்க வேண்டும், அது உடனே கிடைத்துவிடாது.

கணவர் இந்தியப் பாஸ்போர்ட், மனைவி பிலிப்பைன் பாஸ்போர்ட் என்றால் இரண்டுக்கும் தனித்தனியாக விதி பார்க்க வேண்டும். இருவருக்குமே ஃபிஜி விசா கேட்காது. ஆனால் ஆஸ்திரேலியா வழியாகப் போனால் இந்தியருக்கு டிரான்சிட் விசா (இடையில் விமானம் மாறுவதற்கான விசா) வேண்டும். ஹாங்காங்கில் வெளியே வர வேண்டுமானால் இந்தியர் முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், பிலிப்பினோ அப்படியே வரலாம். ஒருவருக்குத் திறக்கும் கதவு இன்னொருவருக்குத் திறக்காமல் போகலாம்.

இரண்டாம் படி: தீவுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பிலிப்பைன் பாஸ்போர்ட்டில் சுற்றுலாவுக்குப் போனால் ஃபிஜி நான்கு மாதம் வரை அனுமதி தருகிறது, முன்விசா வேண்டாம். வனுவாட்டுவும் விசா இல்லாமல் விடுகிறது. குக் தீவுகள் 31 நாள், நியுவே 30 நாள், மைக்ரோனேசியக் கூட்டமைப்பு 30 நாள் என்று பெரும்பாலான நாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரே விதி வைத்திருக்கின்றன. சமோவாவில் இறங்கியதும் பார்வையாளர் அனுமதி கொடுப்பார்கள். பலாவிலும் துவாலுவிலும் இறங்கிய பிறகே அனுமதி பெறலாம்.

தோங்காவுக்கும் நவுருவுக்கும் முன்னதாகவே விசா வாங்க வேண்டும். பப்புவா நியூ கினிக்கு இணையவழி விசா முறை இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புவதே நல்லது.

அடுத்து, தனி நாடு போலத் தோன்றும் ஆட்சிப்பகுதிகள். குவாமும் சைபானும் அமெரிக்க மண். மணிலாவிலிருந்து குவாமுக்கு நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் பிலிப்பினோவுக்கு அமெரிக்க விசா கட்டாயம். அங்கே ஜப்பான், தென் கொரியா போன்ற சில நாட்டவருக்குத் தனிச் சலுகை இருக்கிறது, அந்தப் பட்டியலில் பிலிப்பைன்ஸ் இல்லை. நியூ கலிடோனியாவும் தாஹித்தி அடங்கிய பிரெஞ்சு பாலினேசியாவும் பிரான்சைச் சேர்ந்தவை. ஐரோப்பாவுக்கான பொது விசாவான சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. அந்தப் பகுதியின் பெயரே குறிப்பிடப்பட்ட தனி விசாவைப் பிரெஞ்சுத் தூதரகம் வழியாகத்தான் பெற வேண்டும்.

மூன்றாம் படி: பாதையைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் பொறுமை வேண்டும். ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

குவாம் வழி: மைக்ரோனேசியாவுக்கு விசா வேண்டாம், சரி. ஆனால் அங்கே போகும் புகழ்பெற்ற பாதை யுனைடெட் விமானம் குவாமிலிருந்து சூக், பான்பெய், கொஸ்ரே, குவாஜலின், மஜுரோ என்று தீவுதீவாக நின்று ஹொனலூலு வரை போகும் பாதை. அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கும் அமெரிக்க இமிகிரேஷனைத் தாண்டியாக வேண்டும். விசா இல்லாமல் காத்திருக்க அங்கே டிரான்சிட் பகுதி என்று ஒன்று கிடையாது. எனவே சூக் தீவில் மூழ்கிய கப்பல்களைப் பார்க்க ஆசைப்படும் பிலிப்பினோவுக்கு இந்தப் பாதையில் அமெரிக்க விசா தேவை. ஏற்கெனவே அமெரிக்காவின் பி1/பி2 (வணிக, சுற்றுலா) விசா வைத்திருப்பவருக்கு இது அருமையான வழி.

ஆஸ்திரேலியா வழி: பிலிப்பைன் பாஸ்போர்ட் உள்ளவர் எட்டு மணி நேரத்துக்குள், டிரான்சிட் பகுதியை விட்டு வெளியேறாமல், உறுதியான அடுத்த டிக்கெட்டோடு விமானம் மாறலாம். இந்த நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் விசா வேண்டும். இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து, பெட்டியை வெளியே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்தால் இமிகிரேஷனைத் தாண்ட வேண்டியிருக்கும். சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 6 வரை விமானங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு, இரவு முழுக்க உள்ளே தங்குவதை நம்பித் திட்டம் போடாதீர்கள். 771 எனப்படும் டிரான்சிட் விசாவுக்குக் கட்டணம் இல்லை, 72 மணி நேரம் வரை தங்கலாம். இரவுத் தங்கல் வருகிறதென்றால் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

நியூசிலாந்து வழி: ஆக்லாந்து விமான நிலையத்தில் மட்டும் டிரான்சிட் செய்யலாம், அதுவும் 24 மணி நேரத்துக்குள். பிலிப்பினோக்கள் கிளம்பும் முன்பே என்இசட்இடிஏ என்ற இணையவழி அனுமதியை வாங்கியிருக்க வேண்டும். நியுவேக்கு ஆக்லாந்து வழியாகத்தான் போக முடியும். குக் தீவுகளின் ரரோடோங்காவுக்கும் அதுதான் வழக்கமான வழி. இரண்டு தீவுகளும் விசா கேட்காதவை என்றாலும், திறவுகோல் ஆக்லாந்திடம் இருக்கிறது.

ஹாங்காங் அல்லது சிங்கப்பூர் வழி: முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஃபிஜி ஏர்வேஸ் இந்த இரண்டு நகரங்களிலிருந்தும் நேராக ஃபிஜியின் நாண்டி நகருக்குப் பறக்கிறது. பிலிப்பினோக்கள் ஹாங்காங்கில் 14 நாளும் சிங்கப்பூரில் 30 நாளும் விசா இல்லாமல் தங்கலாம். அதனால் தனித்தனி டிக்கெட்டாக இருந்தாலும், பெட்டியை வெளியே எடுக்க நேர்ந்தாலும், விமானம் தாமதமாகி ஓர் இரவு தங்க வேண்டி வந்தாலும் கவலையில்லை. இடைநாடு, சேரும் நாடு இரண்டுமே விசா கேட்காத பாதை இது. நாண்டியிலிருந்து அதே நிறுவனம் சமோவாவின் அப்பியா, வனுவாட்டுவின் போர்ட் விலா, துவாலுவின் ஃபுனாஃபுட்டி ஆகிய இடங்களுக்கும் பறக்கிறது. நாண்டியை மையமாக வைத்துக்கொண்டால் ஒரே பயணத்தில் இரண்டு நாடுகள் பார்க்கலாம்.

நாண்டி போகும் தமிழர்களுக்கு ஒரு சொந்தச் செய்தி. ஊரின் முக்கியச் சாலையின் கோடியில் நிற்கும் சிவ சுப்பிரமணிய சுவாமி கோயில் நம் முருகன் கோயில். 1903 முதல் சென்னை மாகாணத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தவர்கள் கட்டிக் காப்பது. பிலிப்பைன் மனைவியை அழைத்துப் போகும் தமிழ்க் கணவர் அரை நாளை இதற்கு ஒதுக்கலாம்.

பலாவுக்குத் தைபேயிலிருந்து சைனா ஏர்லைன்ஸ் பறக்கிறது. மணிலாவிலிருந்து நேரடிச் சேவை இருக்கிறதா என்பதைப் பயணத் தேதிக்கு மட்டும் பாருங்கள், பசிபிக்கில் சேவைகள் நிலையாக இருப்பதில்லை. ஏர் வனுவாட்டு 2024 மே மாதம் திவாலாகி விமானங்கள் ஒரே நாளில் நின்றன. பயணிகள் தீவில் சிக்கிக்கொண்டார்கள். தீவுகளுக்கு இடையே பறக்கும்போது இரண்டு விமானங்களுக்கு நடுவே ஒரு முழு நாளாவது விடுங்கள்.

நான்காம் படி: காலத்தைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்

தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். மே முதல் அக்டோபர் வரை வறண்ட, இதமான காலம். ஆனால் அதே மாதங்களின் பின்பாதியில் பிலிப்பைன்ஸில் புயல் வலுக்கும், கிளம்பும் விமானமே தள்ளிப்போகலாம். மே, ஜூன் இரண்டு பக்கத்துக்கும் ஓரளவு ஒத்துவரும்.

டிக்கெட்டைக் கட்டாயம் இருவழியாக எடுங்கள். செக்-இன் கவுன்ட்டரில் ஊழியர் உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது, எங்கே இறங்குகிறீர்கள், எங்கே மாறுகிறீர்கள் என்று தட்டி, டைமாட்டிக் என்ற விதித் தொகுப்பைத் திறந்து பார்ப்பார். அதில் "திரும்பும் டிக்கெட் வேண்டும்" என்று இருந்தால் அது இல்லாமல் போர்டிங் பாஸ் வராது. நீங்கள் எத்தனை வலைப்பக்கங்களைக் காட்டினாலும் அவர் திரையில் இருப்பதுதான் கணக்கு. அதனால் டிக்கெட் எடுக்கும் முன் அந்த விமான நிறுவனத்திடமே உங்கள் முழுப் பாதையையும் சொல்லிக் கேளுங்கள். சேரும் நாட்டின் குடியேற்றத் துறைப் பக்கத்தையும் அன்றைக்குத் திறந்து படியுங்கள்.

ஐந்தாம் படி: மணிலா இமிகிரேஷனுக்குத் தயாராகுங்கள்

பிலிப்பினோவுக்கு மிகக் கடினமான கவுன்ட்டர் வெளிநாட்டில் இல்லை, சொந்த ஊரில்தான் இருக்கிறது. ஆள் கடத்தலைத் தடுக்கும் நோக்கத்தில் குடியேற்ற அதிகாரிகள் பயணிகளைக் கேள்வி கேட்டு, சந்தேகம் வந்தால் விமானம் ஏறவிடாமல் நிறுத்துவார்கள். இதை எல்லாரும் 'ஆஃப்லோடு' என்பார்கள். ஒரு பெண்ணிடம் பள்ளி ஆண்டுமலர் வரை கேட்கப்பட்ட செய்தி 2023-இல் பெரிய கோபத்தைக் கிளப்பியது. அதே ஆண்டு வரவிருந்த புதிய கடும் விதிகளும் எதிர்ப்பால் நிறுத்திவைக்கப்பட்டன. சேமித்த காசில் ஊர் பார்க்கக் கிளம்பும் ஒருவரை இப்படிக் கூனிக்குறுக வைப்பது தவறு என்பதே என் கருத்து. ஆனாலும் தயாராகப் போவதுதான் உங்களைக் காக்கும்.

பாஸ்போர்ட், இருவழி டிக்கெட், போர்டிங் பாஸ், தேவையானால் விசா. இவைதான் அடிப்படை. இவற்றோடு ஹோட்டல் முன்பதிவு, வேலைச் சான்றிதழ், விடுப்பு அனுமதிக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை அச்சிட்டு ஒரே உறையில் வையுங்கள். கேட்டால் மட்டும் நீட்டுங்கள். யார் செலவு செய்கிறார், எத்தனை நாள், என்ன வேலை என்ற கேள்விகளுக்குச் சொல்லும் பதிலும் தாளில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் செலவு செய்கிறார் என்றால் அவர் கையெழுத்திட்ட ஆதரவு உறுதிமொழியும் உறவை நிரூபிக்கும் பிறப்பு அல்லது திருமணச் சான்றும் தேவைப்படும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பலாவிலோ பப்புவா நியூ கினியிலோ வேலை இருக்கிறது, சுற்றுலாவாகப் போய் இறங்கு, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலைக்குப் போக முறையான ஒப்பந்தமும், புலம்பெயர் தொழிலாளர் துறை தரும் ஓஇசி என்ற வெளிநாட்டு வேலைவாய்ப்புச் சான்றும் வேண்டும். சுற்றுலா வழியில் போய் மாட்டியவரிடம் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் கேட்க ஆளிருக்காது.

மணிலாவிலிருந்து கிளம்ப இரண்டு சில்லறை வேலைகள் பாக்கி. கிளம்புவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இ-டிராவல் என்ற பிலிப்பைன்ஸ் அரசின் பயணப் பதிவுத் தளத்தில் பதிவு செய்து க்யூஆர் குறியீட்டைச் சேமிக்க வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் போலி. பயண வரி எகானமி வகுப்புக்கு நீண்டகாலமாக 1,620 பெசோ. டிக்கெட் விலையிலேயே சேர்ந்திருக்கிறதா, தனியாகக் கட்ட வேண்டுமா என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்த்து அங்கிருந்தே கிளம்பும் பிலிப்பினோவுக்கு இந்தப் படி முழுக்கவே வராது. தன் வேலை அனுமதி திரும்பி வரும்வரை செல்லுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆறாம் படி: பெட்டி, பணம், தேதி

சொந்தக்காரருக்கு என்று சிச்சரோன் (பொரித்த பன்றித் தோல்), துயோ கருவாடு, செபுவின் உலர்ந்த மாம்பழம் எல்லாம் கட்டிக்கொண்டு போவது பிலிப்பினோ வழக்கம். தீவு நாடுகள் பயிர்நோய், கால்நடைநோய் விஷயத்தில் மிகக் கறாரானவை. பன்றி இறைச்சிப் பண்டத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மற்ற உணவுப் பொருள் எதுவானாலும் வருகைப் படிவத்தில் 'ஆம்' என்று குறியுங்கள். சொன்னால் அதிகபட்சம் பொருள் போகும், மறைத்தால் அபராதம் வரும்.

பலாவுக்குப் போனால் சன்ஸ்கிரீன் பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ளிட்ட பவளத்தைக் கெடுக்கும் வேதிப்பொருள்கள் கலந்தவை 2020 முதல் அங்கே தடை. இறங்கும்போது பாஸ்போர்ட்டில் ஓர் உறுதிமொழி முத்திரை குத்துவார்கள், தீவைக் காப்பேன் என்று பயணி அதில் கையெழுத்திட வேண்டும். 100 டாலர் சுற்றுச்சூழல் கட்டணம் டிக்கெட்டிலேயே சேர்ந்துவிடும். ஜெல்லிமீன் ஏரிக்கான அனுமதிச் சீட்டு தனிச் செலவு.

பலாவிலும் மைக்ரோனேசியாவிலும் அமெரிக்க டாலர் புழங்குகிறது, துவாலுவில் ஆஸ்திரேலிய டாலர், குக் தீவுகளிலும் நியுவேயிலும் நியூசிலாந்து டாலர். சிறு தீவுகளில் கார்டை நம்பாமல் ரொக்கம் வைத்திருங்கள். பெசோவை அங்கே மாற்ற முடியாது, மணிலாவிலோ இடைநகரத்திலோ மாற்றிவிடுங்கள்.

தாண்டினால் ஒரு நாள் மாறும் சர்வதேசத் தேதிக்கோட்டையும் கவனியுங்கள். ஃபிஜி மணிலாவைவிட நான்கு மணி நேரம் முன்னால், அவ்வளவுதான். சமோவா 2011 டிசம்பரில் ஒரு நாளையே தாண்டிக் கோட்டின் மேற்குப் பக்கம் வந்துவிட்டது, குக் தீவுகள் இன்னும் கிழக்குப் பக்கம். ஆக்லாந்தில் செவ்வாய்க்கிழமை ஏறினால் ரரோடோங்காவில் திங்கட்கிழமை இறங்குவீர்கள். ஹோட்டல் தேதியை டிக்கெட்டில் உள்ள இறங்கும் தேதியைப் பார்த்தே போடுங்கள்.

கடைசியாக, திரும்பி வரும்போதும் மணிலாவில் இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இ-டிராவலில் இன்னொரு முறை பதிவு செய்ய வேண்டும். தீவுகளில் இணையம் மெதுவாக இருக்கும், ஹாங்காங்கிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறும்போது செய்துவிடலாம்.