எச்டி வீடியோ எடிட்டிங்: கிளிப்பை உள்ளே இழுக்கும் முன் ப்ரேம் ரேட்டை முடிவு செய்யுங்கள்

புதிதாக எடிட்டிங் பழகுபவர்கள் பெரும்பாலும் மென்பொருளைத் திறந்ததுமே கிளிப்புகளை உள்ளே போட்டு வெட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள், செட்டிங்ஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ரெசல்யூஷன், கலர், எக்ஸ்போர்ட் தரம் இதையெல்லாம் பாதி வேலையில்கூட மாற்றிக்கொள்ளலாம். ப்ரேம் ரேட், அதாவது வினாடிக்கு எத்தனை படம் (ப்ரேம்) ஓடுகிறது என்பது, அப்படி இல்லை. ஒரு டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கி வெட்டும் பட்டை) வெட்டத் தொடங்கிவிட்டால் அந்த டைம்லைனுக்கு அதுதான் கடைசிவரை. அதனால் இந்த விளக்கத்தில் அதற்குத்தான் அதிக இடம். இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வை வைத்துச் சொல்கிறேன், மற்ற மென்பொருள்களில் பட்டன் இருக்கும் இடம்தான் மாறும்.

படி 1: கார்டை முழுசாக காப்பி செய்யுங்கள்

மெமரி கார்டைச் செருகி அதிலிருந்தே நேராக இம்போர்ட் செய்யாதீர்கள். ரிசால்வ் உங்கள் வீடியோவைத் தனக்குள் எடுத்து வைத்துக்கொள்வதில்லை, கோப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். கார்டைக் கழற்றினால் டைம்லைன் முழுக்கச் சிவப்பாகி 'மீடியா ஆஃப்லைன்' என்று வந்து நிற்கும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டர் போட்டு கார்டில் உள்ளதை அப்படியே அதில் இறக்குங்கள். பழைய ஏவிசிஎச்டி (AVCHD என்ற பதிவு முறை) கேம்கார்டர் என்றால் எம்டிஎஸ் (.MTS) வீடியோ கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காமல் ஃபோல்டர் அமைப்போடு எடுங்கள், ஏனென்றால் நீளமான ஷாட்டை அந்தக் கேமரா பல துண்டுகளாக எழுதியிருக்கும், அவற்றை ஒட்டும் தகவல் மற்ற ஃபோல்டர்களில் இருக்கிறது.

யாராவது வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருந்தால், அதை டாக்குமென்டாகத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருக்கப்பட்டுத்தான் வரும், எந்த செட்டிங்கும் அதை மீட்டுத் தராது.

படி 2: கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. கிளிப்பை அதில் திறந்தால் ரெசல்யூஷன், ப்ரேம் ரேட் எல்லாம் காட்டும். முக்கியமாக 'ப்ரேம் ரேட் மோட்' என்ற வரியைப் பாருங்கள். செல்போனில் எடுத்தது என்றால் அங்கே பெரும்பாலும் 'வேரியபிள்' என்று இருக்கும், அதாவது வெளிச்சத்துக்கும் போனின் வேகத்துக்கும் ஏற்ப ப்ரேம்களுக்கு இடையிலான நேரம் கூடிக் குறைந்திருக்கிறது. தனி மைக்கில் பதிந்த ஒலியோடு இதைச் சேர்த்தால் முதல் நிமிடத்தில் உதடும் குரலும் பொருந்தி, பத்தாவது நிமிடத்தில் விலகிப் போயிருக்கும். அப்படிப்பட்ட கிளிப்புகளை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு, வீடியோ பகுதியில் 'கான்ஸ்டன்ட் ப்ரேம்ரேட்' தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டு அப்புறம் எடிட்டுக்கு எடுங்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் தவிர்க்காதீர்கள்.

படி 3: 25ஆ, 30ஆ?

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எங்கும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் அதனால் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரிகின்றன. கேமராவை 25 ப்ரேம், ஷட்டர் (ஒவ்வொரு ப்ரேமுக்கும் ஒளி படும் நேரம்) 1/50 வினாடி என்று வைத்தால் இந்தத் துடிப்போடு பொருந்திப் போகும். 30 ப்ரேம், 1/60 என்று வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். ஆகவே இனிமேல்தான் எடுக்கப்போகிறீர்கள், அதுவும் வீட்டுக்குள்ளோ மண்டபத்திலோ என்றால் என் பரிந்துரை 25. கனடாவில் இருப்பவர்களுக்கு மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அங்கே 30தான் சரி.

ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால் எது அதிகமாக இருக்கிறதோ அதன் பக்கம் போங்கள். பேட்டி முழுக்க கேமராவில் 25இல் இருந்து, இடையிடையே போடும் சின்னக் காட்சிகள் மட்டும் போனில் 30இல் இருந்தால் ப்ராஜெக்ட் 25. அந்த 30 கிளிப்புகளில் ஆறுக்கு ஒரு ப்ரேம் உதிரும், கேமரா பக்கவாட்டில் நகரும் ஷாட்டில் மட்டும் லேசான வெட்டல் தெரியும். தலைகீழாக, 25ஐ 30இல் போட்டால் ஐந்துக்கு ஒரு ப்ரேம் இரட்டிப்பாகும், அதுவும் நகரும் ஷாட்டில் உறுத்தும். 50இல் எடுத்தது 25 டைம்லைனில் அழகாக உட்காரும், பாதி வேக ஸ்லோமோஷனும் கிடைக்கும்.

படி 4: ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்

காலி ப்ராஜெக்ட்டில், ஒரு கிளிப்கூட உள்ளே வராதபோது, ஷிப்ட் + 9 அழுத்துங்கள். மாஸ்டர் செட்டிங்ஸில் டைம்லைன் ரெசல்யூஷன் 1920×1080, டைம்லைன் ப்ரேம் ரேட் நீங்கள் முடிவு செய்தது. ரிசால்வ் தானாக வைத்திருப்பது 24, அதை அப்படியே விடாதீர்கள். ஃபூட்டேஜ் 4கேயில் இருந்தாலும் கடைசியில் எச்டியாகத்தான் வெளியிடப் போகிறீர்கள் என்றால் டைம்லைன் 1080 போதும், இரண்டு மடங்கு வரை ஜூம் செய்தாலும் படம் உடையாது. சேமித்துவிட்டு வெளியே வாருங்கள்.

படி 5: இம்போர்ட்

இப்போது கிளிப்புகளை மீடியா பூலுக்குள் (ரிசால்வில் கிளிப்புகள் சேர்ந்திருக்கும் பகுதி) இழுக்கலாம். முதல் கிளிப்பின் ப்ரேம் ரேட் ப்ராஜெக்ட்டோடு பொருந்தாவிட்டால், மாற்றட்டுமா வேண்டாமா என்று ஒரு பெட்டி கேட்கும். யோசிக்காமல் 'சேஞ்ச்' அழுத்தினால் படி 3இல் நீங்கள் எடுத்த முடிவு அங்கேயே போய்விடும். 'டோன்ட் சேஞ்ச்' கொடுங்கள்.

படி 6: கம்ப்யூட்டர் திணறினால்

எச்.264 (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) கோப்பில் எல்லா ப்ரேமும் முழுப் படமாக இருப்பதில்லை, பெரும்பாலானவை பக்கத்து ப்ரேமோடு உள்ள வித்தியாசத்தை மட்டும் வைத்திருக்கின்றன. எடிட்டில் முன்னும் பின்னும் போகும்போது ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டுக் கட்டவேண்டியிருப்பதால்தான் இழுக்கிறது. கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து 'ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா' கொடுங்கள். ப்ராக்ஸி என்றால் எடிட்டுக்காக மட்டும் உருவாக்கும் இலகுவான நகல், அளவு பாதியோ கால்வாசியோ போதும். எக்ஸ்போர்ட் செய்யும்போது ப்ராக்ஸியைப் பயன்படுத்தச் சொல்லும் தேர்வை டிக் செய்யாமல் விட்டால் அசல் கோப்பிலிருந்தே படம் வரும்.

எக்ஸ்போர்ட்டில் ப்ரேம் ரேட் டைம்லைனில் உள்ளதேதான். பிட்ரேட்டுக்கு (ஒரு வினாடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டா) யூடியூப் பரிந்துரைப்பது 1080பியில் 24 முதல் 30 ப்ரேம் வரை 8 எம்பிபிஎஸ் (வினாடிக்கு மெகாபிட்), 48 முதல் 60 வரை 12. நான் அதைவிடக் கொஞ்சம் கூட்டியே வைப்பேன், எப்படியும் அவர்கள் இன்னொரு முறை சுருக்கத்தான் போகிறார்கள்.