எஸ்டி-455 டிரான்ஸ் ஆம் காரை மதிப்பிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பான்டியாக் நிறுவனம் 1973, 1974 ஆகிய இரண்டே மாடல் ஆண்டுகளில் தயாரித்த எஸ்டி-455 டிரான்ஸ் ஆம் (எஸ்டி என்பது ‘சூப்பர் டியூட்டி’; 455 என்பது கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவு), பெரிய எஞ்சின் கொண்ட வேகக் கார்களான அமெரிக்க மசில் கார்களின் காலம் முடிந்துகொண்டிருந்தபோது வெளிவந்தது. மற்றவர்கள் எஞ்சின்களின் திறனைக் குறைத்துக்கொண்டிருந்த அந்த வேளையில், பந்தயத்துக்குரிய உறுதியோடு ஒரு 7.5 லிட்டர் வி8 எஞ்சினை அதன் பொறியாளர்கள் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். இந்த அருமை தெரியாமல் காரை எடைபோடுகிறவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறன் எண்ணில்தான் முதலில் தவறுகிறார்கள்.

இதன் அறிவிக்கப்பட்ட திறன் 290 குதிரைத்திறன். பழைய கார்களுக்குச் சொல்லப்பட்ட 370, 400 போன்ற எண்களின் அருகில் இதை வைத்து, வலுவிழந்த கார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்தப் பழைய எண்கள், காற்று வடிகட்டியும் முழுமையான புகைபோக்கியும் இல்லாமல் எஞ்சினைத் தனியே நிறுத்தி அளந்தவை. 1972 முதல் காரில் பொருத்தப்படும் நிலையிலேயே அளந்து அறிவித்தார்கள். பான்டியாக்கின் முந்தைய 455 எச்.ஓ. (‘ஹை அவுட்புட்’) எஞ்சினுக்கு 1971-இல் 335 என்றும் மறு ஆண்டில் 300 என்றும் அறிவிக்கப்பட்டதற்கு, அளவுமுறை மாறியதே முக்கியக் காரணம். எஸ்டி-455 எஞ்சினுக்கும் முதலில் 310 என்றே சொல்லப்பட்டது. புகை விதிகளுக்காக கேம்ஷாஃப்டை மாற்றிய பிறகு அது 290 ஆனது. எனவே 310 என்று விற்பவர் சொன்னால், அது கூடுதல் திறன் கொண்ட தனி வகை என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

அடுத்தது, பணத்தை அதிகம் விழுங்கும் தவறு: பானட்டின் நடுவே நிற்கும் ஷேக்கரில், அதாவது எஞ்சினின் காற்றுவாய் மூடியில், ஒட்டியிருக்கும் எஸ்டி-455 என்ற எழுத்தை நம்புவது. ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டலாம். அசலாக வெளிவந்த எஸ்டி டிரான்ஸ் ஆம் கார்களோ 1973-இல் 252, 1974-இல் 943 மட்டுமே. வாகன அடையாள எண்ணின் ஐந்தாவது இடத்தில் எக்ஸ் என்றிருந்தால்தான் அது எஸ்டி. ஒய் என்றிருந்தால் சாதாரண 455. இரண்டாவது இடத்தில் உள்ள எழுத்தையும் பார்க்க வேண்டும், ஏனெனில் வி என்பது டிரான்ஸ் ஆமையும் யு என்பது அதே ஃபயர்பேர்ட் வரிசையின் ஃபார்முலா வகையையும் குறிக்கும். வட்ட வடிவப் புகைத்துளைகள் கொண்ட சிலிண்டர் ஹெட்டையே சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. அத்தகைய ஹெட் 455 எச்.ஓ. எஞ்சினிலும் இருந்ததால் அது மட்டும் போதாது. எஸ்டியின் உண்மையான பலம் அதன் வலுவூட்டிய பிளாக்கிலும், ஃபோர்ஜ் செய்த கனெக்டிங் ராடுகளிலும் இருக்கிறது. எஞ்சினைப் பிரிக்காமல் அந்த ராடுகளைப் பார்க்க முடியாது. ஆகவே பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் தரும் தொழிற்சாலைப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பானது.

அசல் நிலையைச் சோதிக்கையில் நிறத்தையும் கவனியுங்கள். 1973 டிரான்ஸ் ஆம் சிவப்பு, பச்சை, வெள்ளை ஆகிய மூன்று நிறங்களில்தான் வந்தது. அவ்வாண்டுக் கார் நீலமாக இருந்தால் அது பின்னர் பூசப்பட்டது. இரைச்சல் விதிகளால் ஷேக்கரின் காற்றுவாய் 1973 முதல் தொழிற்சாலையிலேயே மூடப்பட்டது; திறந்திருந்தால் யாரோ வெட்டித் திறந்திருக்கிறார்கள்.

1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய்த் தடையே இந்தக் கார்களை முடித்தது என்பதும் சரியன்று. பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களின் கம்ப்ரஷன் விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை அழுத்தப்படும் அளவை, 1971-லேயே குறைத்துவிட்டது. காப்பீட்டுக் கட்டணங்கள் அதற்கும் முன்பே இளைஞர்களை விரட்டத் தொடங்கியிருந்தன. எஸ்டியின் விகிதமும் 8.4 மட்டுமே. அதற்கு விலையுயர்ந்த உயர் ஆக்டேன் பெட்ரோல்தான் வேண்டும் என்று நினைத்து வாங்கத் தயங்குவது வீண்; தயங்க வேண்டிய இடங்கள் டிக்கியின் தரைத்தகடும் முன்கண்ணாடியின் அடிப்பகுதியும்தான், துரு அங்கே ஆழமாக இறங்கியிருக்கும்.