‘ஒப்பீனியன் எழுதியாச்சு மேடம்’

போன வாரம் காலை ரவுண்ட்ஸில் ஒரு ஹவுஸ் சர்ஜனிடம், அதாவது பயிற்சி டாக்டரிடம், “நியூரோ என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன். “நேத்தே ஒப்பீனியன் எழுதியாச்சு மேடம்” என்றான். ஒப்பீனியன் என்றால் நரம்பியல் போன்ற வேறு துறை ஸ்பெஷலிஸ்டை வந்து பார்க்கச் சொல்லி எழுதும் தாள். யார் வந்து பார்த்தார்கள்? கேஸ் ஷீட்டைப் புரட்டினான். அவன் செருகிய தாள் செருகிய இடத்திலேயே இருந்தது. கோபப்பட எனக்கு அருகதை இல்லை. இருந்தாலும் பட்டேன்.

ஒப்பீனியன் கேட்பதில் நடக்கும் தவறுகளில் கையெழுத்து புரியாதது, படுக்கை எண் மாறியது போன்றவற்றை சிஸ்டர்களே பிடித்துத் திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

எழுதினால் கேட்டதாகிவிடும் என்று நினைப்பது

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருடம், டிசம்பர் மாதம். ஏற்காடு மலையில் காபிப் பழம் பறிக்கிற சமயம். நாகலூர் பக்கத்து எஸ்டேட் தொழிலாளி ஒருவர் மூச்சுத்திணறலோடு எங்கள் வார்டில் இருந்தார். நாற்பது வயதுக்குச் சற்று மேல். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி (மைட்ரல் ஸ்டெனோசிஸ்), இதயத்துடிப்பும் தாறுமாறாகிப் போன (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்) ஆள். இப்படிப்பட்டவர்களின் இதயத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி எங்கு வேண்டுமானாலும் போய் அடைக்கும். பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு அவர் மனைவி வந்தார். “டாக்டரம்மா, அவருக்கு வலது காலு சில்லுன்னு இருக்குதுங்க. வலி தாங்க மாட்டேங்கிறாரு.” போய்ப் பார்த்தேன். பாதத்தில் நாடி கிடைக்கவில்லை. குளிரோ என்னவோ என்று ஒரு போர்வை கொடுக்கச் சொன்னேன். மனசு கேட்காமல் ரத்தநாள அறுவை சிகிச்சைத் துறைக்கு ஒப்பீனியனும் எழுதினேன்: ‘கைன்ட்லி சீ அண்ட் டூ த நீட்ஃபுல்’, அதாவது பார்த்து ஆவன செய்யவும். எழுதியதும் பாரம் இறங்கிவிட்டது. அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன்.

தாளை எடுத்துப்போகும் வார்டு பணியாளர் காலை எட்டு மணிக்குத்தான் வருவார். அவர் கொண்டுபோனபோது சர்ஜன் தியேட்டரில் இருந்தார். தாள் அவர் அறை மேசையில் காத்திருந்தது. அவர் வார்டுக்கு வந்தபோது மதியம் இரண்டரை. ரத்தம் போகாத காலைக் காப்பாற்ற எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு ஆறு மணி நேரம். பதினாறு மணி நேரம் ஓடிவிட்டது. கெண்டைச்சதை கட்டை மாதிரி இறுகியிருந்தது, விரல் அசையவில்லை. முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள்.

சர்ஜன் திட்டவில்லை. என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “வலி எப்ப ஆரம்பிச்சுதும்மா?” என்று கேட்டார். தாளில் அது இல்லை. “நான் என்ன செய்யணும்னு கேட்டிருக்கே? இதுல கேள்வி எங்க?” அதுவும் இல்லை.

இத்தனைக்கும் வைத்தியம் புதுசில்லை. தொடை இடுக்கில் சின்னதாகக் கிழித்து, ஃபோகார்ட்டி பலூன் குழாயை விட்டு, கட்டியை இழுத்து எடுப்பது 1960களிலிருந்தே நடக்கிறது. ஒரு போன் போதும். ஏன் பண்ணவில்லை? சோம்பல் இல்லை. தூங்குகிற பெரிய டாக்டரை எழுப்ப பயம். “இதுக்கா எழுப்பினே?” என்று கேட்டுவிட்டால்? அந்த பயத்துக்கு விலையாக ஒருவரின் கால் போனது, என்னுடையதல்ல.

இன்றைய பிள்ளைகள் தாளுக்குப் பதில் வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். “நீல டிக் வந்துடுச்சு மேடம்.” போனைத் திறந்தார் என்பதற்கு அது அத்தாட்சி. நோயாளியைப் பார்த்தார் என்பதற்கு இல்லை. இது எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுகிறது.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: “சார், மெடிசின் வார்டு ஹவுஸ் சர்ஜன் பேசறேன். 42 வயசு, மைட்ரல் ஸ்டெனோசிஸ், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். பத்தரை மணிக்கு வலது கால்ல திடீர் வலி. முழங்காலுக்குப் பின்னாடியும் பாதத்துலயும் நாடி இல்லை, இடது கால்ல நல்லா இருக்கு. விரல் அசைக்கிறார், உணர்ச்சி குறையுது. கட்டி அடைச்சிருக்குன்னு நினைக்கிறேன். ஹெப்பாரின் 5000 யூனிட் போடட்டுமா? இப்பவே வந்து பாக்க முடியுமா சார்?” (ஹெப்பாரின் ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஊசி.) அரை நிமிஷம். பிறகு யாரிடம், எத்தனை மணிக்குப் பேசினோம், என்ன சொன்னார் என்று கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். தாள் அதற்குப் பிறகு போகட்டும். பத்து நிமிஷத்தில் பதில் இல்லையென்றால் டியூட்டி அசிஸ்டென்ட், அவரும் எடுக்காவிட்டால் யூனிட் சீஃப், அப்புறம் ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அதிகாரி). என் வார்டில் இதுதான் வரிசை. எழுப்பியதற்குத் திட்டு விழுந்தால் என் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

எல்லா ரிசல்ட்டும் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பது

பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான். நாம் பார்த்த நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. ஏற்காட்டிலிருந்து இறக்கி அனுப்பப்பட்டவர் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் அந்தக் கணக்கில் சேரும். வார்டிலேயே படுத்திருந்தவர் காலை ஆறு மணிக்குக் கை விழுந்த நிலையில் இருந்தால், ராத்திரி கடைசியாக யார் அவரோடு பேசினார்கள் என்று துணைக்கு இருந்தவரிடம் கேளுங்கள். சி.டி. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதே நியூராலஜிக்குப் போன் போகட்டும். கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பின்னால் வரும்.

ஒரே தாளில் மூன்று துறை

வேண்டாம். மற்ற இருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று மூவரும் போய்விடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒப்பீனியன் கேட்பது

காலை பத்துக்கே கேட்டிருக்க வேண்டும்.

வந்து பார்த்தாயிற்று என்று விட்டுவிடுவது

ஸ்பெஷலிஸ்ட் வந்து நாலு வரி எழுதிவிட்டுப் போவார். அது ஒப்பீனியன் தாளிலேயே கிடக்கும், மருந்துச் சீட்டுக்கு ஏறாது. சாயங்கால ரவுண்ட்ஸில்தான் யாராவது கவனிப்பார்கள். அவர் எழுதும்போதே பக்கத்தில் நில்லுங்கள். புரியாததை அங்கேயே கேளுங்கள். அவர் படியிறங்குவதற்குள் சிஸ்டரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டி, முதல் டோஸ் எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.