உறைக்குள் எத்தனை வெள்ளி? சிங்கப்பூரில் மொய்யும் அங் பாவும் கொடுக்கும் முறை

தமிழர் திருமணத்தில் 101 வெள்ளி, அதாவது 101 சிங்கப்பூர் டாலர், மொய் வைத்தால் அது மனம் நிறைந்த வாழ்த்து. அதே 101 வெள்ளியை உறையிலிட்டுச் சீன நண்பரின் திருமண விருந்துக்குக் கொண்டுசென்றால், பழைய வழக்கம் அறிந்த பெரியவர் ஒருவர் அதைத் துக்க வீட்டுப் பணம் என்றே எண்ணக்கூடும். ஒரே புளோக்கில் குடியிருந்து, ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறவர்களுக்குள் எண்களின் பொருள் இவ்வளவு மாறுபடுவது எனக்கு என்றும் வியப்பளிப்பது. சிங்கப்பூருக்கு வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்தும் உறை போடும் வேலையை அம்மாவின் பொறுப்பிலேயே விட்டுவிட்ட இளையர்களுக்கும் பயன்படும் என்று எண்ணி, யார் வீட்டுக்கு எந்த உறையில் எப்படிக் கொடுப்பது என்பதை எழுதுகிறேன்.

நான் இதைக் கற்றது அலுவலகத்தில். உடன் பணிபுரிந்த சீனப் பெண்ணின் திருமணத்துக்காக எங்கள் பிரிவில் 300 வெள்ளி சேர்ந்தது. உறையைத் தயார்செய்யும் வேலை என்னிடம் வந்தது. வீட்டுப் பழக்கத்தில் நான் என் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளி நாணயத்தை எடுத்து உள்ளே சேர்த்துவிட்டேன். எங்களில் மூத்தவரான சீன அம்மையார் உறையைக் கையில் வாங்கியபோது உள்ளே நாணயம் உருள்வதை உணர்ந்து, என்னைத் தனியே அழைத்து, அந்த ஒரு வெள்ளி எதற்கு என்று மெதுவாகக் கேட்டார். எங்கள் வழக்கத்தை நான் சொன்னேன். தங்கள் வழக்கத்தை அவர் சொன்னார். நாணயத்தை வெளியே எடுத்து வைத்தோம். அடுத்த ஆண்டு ஒரு தமிழர் திருமணத்துக்கு நாங்கள் சேர்ந்து போனபோது, அவர் தம் உறைக்குள் மறவாமல் ஒரு வெள்ளி நாணயம் வைத்திருந்தார்.

நம் பக்கத்து வழக்கத்திலிருந்து தொடங்குவோம். 51, 101, 201 என்று ஒன்றில் முடியும்படி மொய் வைப்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விளக்கம் சொல்வார்கள். சுழியத்தில் முடிவது முற்றுப்பெற்றதைக் காட்டும், ஒன்று சேர்ந்தால் அடுத்த கணக்கு தொடங்கும் என்பது ஒன்று. ஒற்றைப்படையை இரண்டு சம பங்காகப் பிரிக்க முடியாததைப் போலத் தம்பதியரும் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. எனக்குப் பிடித்தது முதல் விளக்கம்தான், ஏனெனில் மொய் என்பதே தொடர்கிற கணக்கு. இன்று நாம் எழுதுவதை அவர்கள் நோட்டில் குறித்துக்கொள்வார்கள்; நாளை நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும். ஆகவே உறையின் மேல் பெயரை முழுமையாகவும் தெளிவாகவும் எழுதுங்கள். பெண் வீட்டு உறவா, மாப்பிள்ளை வீட்டு உறவா என்று குறிப்பிட்டால் மொய் எழுதுபவருக்கு வேலை எளிதாகும். உறையின் மூலைகளில் மஞ்சள் தடவும் வழக்கம் உள்ள வீடு என்றால் அதையும் விடாதீர்கள்.

சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் கிடைக்கும் உறைகளில் ஓர் இந்திய ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரூபாயே மொய்யின் ஒன்றாக நிற்கும் என்று சிலர் அமைதியடைகிறார்கள். தாளும் நாணயமும் ஒரே நாட்டினதாக இருப்பதே முறை என்பது என் கருத்து; எனவே நான் ஒரு வெள்ளி நாணயம் தனியாக வைக்கிறேன்.

இந்த நாணயத்துக்கு ஒரு கதை உண்டு. 1987இல் வெளிவந்த ஒரு வெள்ளி நாணயத்தின் உட்புறத்தில் எண்கோண வடிவம் அமைந்திருந்தது. அதே ஆண்டு நவம்பரில்தான் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியது. நிலத்துக்கடியில் சுரங்கம் தோண்டியதால் தீவின் ஃபெங் சுய் குலைந்தது, அதைச் சரிசெய்ய ஒவ்வொருவரிடமும் ‘பாகுவா’ என்னும் எண்கோணச் சின்னம் இருக்க வேண்டியிருந்தது, அதனால்தான் நாணயத்தில் எண்கோணம் வந்தது என்று டாக்சி ஓட்டுநர் முதல் காப்பிக்கடைப் பெரியவர் வரை பலரும் சொல்வார்கள். இது செவிவழிக் கதைதான், சான்று கிடையாது. ஆனாலும் சீனர்களின் எண்கோணக் கதையைச் சுமந்த ஒரு நாணயம் நம்மவர் மொய் உறைக்குள் மங்கலத்துக்காகப் போய் அமர்ந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஊரின் மேல் அன்பு கூடுகிறது. உறைக்குள் இருக்கும் தாளுக்கும் ஓர் உறவு உண்டு. 1999 முதல் வெளிவரும் தாள்களில் உள்ள முகம் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்குடையது. ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலின் கோவிந்தசாமிப் பிள்ளை திருமண மண்டபத்தை 1965இல் திறந்துவைத்தவரும் அவரே. அந்த மண்டபத்தில் மொய் எழுதுகிறவர்கள், அதைத் திறந்துவைத்தவரின் படத்தையே உறையிலிட்டுக் கொடுக்கிறார்கள்.

இனிச் சீனர் வழக்கம். இதில் தெரிந்துகொள்ள வேண்டியவை மிகுதி. சீனப் புத்தாண்டு 15 நாள் கொண்டாடப்படும் பண்டிகை. அந்த நாள்களில் திருமணமானவர்கள் பிள்ளைகளுக்கும் திருமணமாகாத இளையர்களுக்கும் அங் பாவ் என்னும் சிவப்புப் பண உறை கொடுக்கிறார்கள். பெற்றோருக்குக் கொடுப்பதும் உண்டு. ஹொக்கியன் மொழியில் ‘அங்’ என்றால் சிவப்பு, ‘பாவ்’ என்றால் பொதி. தொகை இரட்டைப்படையாக இருக்க வேண்டும், ஏனெனில் நல்லவை இணை இணையாக வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. 2, 6, 8, 10, 12, 28, 88 போன்றவை விரும்பப்படுகின்றன. எட்டு என்ற சொல்லின் ஒலி, செல்வம் பெருகுவதைக் குறிக்கும் சொல்லை ஒத்திருப்பதால் அந்த எண்ணுக்குத் தனி மதிப்பு. நான்கு என்ற சொல்லின் ஒலி ‘சாவு’ என்ற சொல்லை ஒத்திருப்பதால், 4 வெள்ளியும் 40 வெள்ளியும் இரட்டைப்படையாக இருந்தும் ஒதுக்கப்படுகின்றன. அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்கத் தயங்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு, எட்டை இவ்வளவு கொண்டாடுவது புதுமையாகத் தோன்றலாம்; அவர்களிடம் இந்த ஒலிக் காரணத்தைச் சொன்னால் உடனே ஏற்றுக்கொள்வார்கள்.

சீன நண்பர் வீட்டுக்குப் புத்தாண்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு மாண்டரின் ஆரஞ்சுப் பழங்களை இரு கைகளாலும் கொடுங்கள். கேண்டனீஸ் மொழியில் அந்தப் பழத்தின் பெயர் தங்கத்தைக் குறிக்கும் சொல்லின் ஒலியைக் கொண்டிருப்பதால், நீங்கள் கொடுப்பது பொன்னுக்கு ஒப்பானது. நீங்கள் விடைபெறும்போது அவர்கள் வேறு இரண்டு பழங்களை உங்கள் கையில் தருவார்கள். கொடுத்ததைத் திருப்பித் தருகிறார்களே என்று மனம் சங்கடப்பட வேண்டியதில்லை, பொன்னைப் பரிமாறிக்கொள்வதுதான் அதன் பொருள். அங் பாவை இரு கைகளாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், கொடுத்தவர் முன்னால் பிரிக்கக் கூடாது. இதைப் பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், வாசலில் சொன்னால் அவர்கள் காதில் ஏறாது. சுவர்க் கடிகாரமோ மேசைக் கடிகாரமோ பரிசாகக் கொடுக்க வேண்டாம். மாண்டரின் மொழியில் ‘கடிகாரம் கொடுப்பது’ என்பதும் ‘இறுதி வழியனுப்புவது’ என்பதும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

திருமண விருந்துக்கு எவ்வளவு வைப்பது என்பதில்தான் பலர் திணறுகிறார்கள். ஹோட்டல் விருந்து பெரும்பாலும் பத்துப் பேர் அமரும் வட்ட மேசைக் கணக்கில் நடப்பது. தம் ஒருவர் இருக்கைக்கு ஆகும் செலவையாவது உறை ஈடுசெய்ய வேண்டும் என்று விருந்தினர்கள் கணக்கிடுகிறார்கள். ஹோட்டலையும், மதிய விருந்தா இரவு விருந்தா என்பதையும் பார்த்து, உடன் வரும் நண்பர்களிடம் கலந்து முடிவு செய்யுங்கள். நெருங்கிய நண்பர் என்றால் அந்தக் கணக்குக்குச் சற்று மேலே போவதே அழகு. வசதி இல்லாத மாதம் என்றால், இயன்ற இரட்டைப்படைத் தொகையை நல்ல சிவப்பு உறையில் வைத்து நேரில் போய் வாழ்த்துவதில் குறை ஒன்றுமில்லை.

துக்க வீட்டுக்கு இந்த முறைகள் எல்லாம் தலைகீழாகின்றன. புளோக்கின் கீழ்த்தளத்தில் வெள்ளைத் துணி கட்டி, 3, 5, 7 என ஒற்றைப்படை நாள்கள் துக்கம் காப்பார்கள். அங்கே கொடுக்கும் பணத்துக்கு ‘பெக் கிம்’ என்று பெயர், வெள்ளைப் பொன் என்பது அதன் பொருள். அதை வெள்ளை உறையில், 31 அல்லது 51 போன்ற ஒற்றைப்படைத் தொகையாக வையுங்கள். அதற்கான உறை அங்குள்ள மேசையிலேயே பெரும்பாலும் இருக்கும். மேசையில் அமர்ந்திருப்பவர் உங்கள் பெயரையும் தொகையையும் நோட்டில் எழுதிக்கொள்வார், நம் மொய் நோட்டைப் போலவே. சிவப்பு உடையைத் தவிருங்கள். கிளம்பும்போது விடைபெறும் சொற்களைச் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை, அமைதியாக எழுந்து வந்துவிடலாம். மேசையில் இருக்கும் சிவப்பு நூலையும் மிட்டாயையும் எடுத்துக்கொள்ளுங்கள். துக்கத்தின் நிழல் நம்மோடு வராதிருக்கவே அவற்றை வைத்திருக்கிறார்கள். மிட்டாயைத் தின்றுவிட்டு, நூலை வீட்டுக்குள் கொண்டுவராமல் வழியிலேயே போட்டுவிடுவது வழக்கம். நாமும் சாவு வீட்டிலிருந்து திரும்பினால் குளித்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குகிறோம் என்பதால், இந்த நம்பிக்கையைப் புரிந்துகொள்ள நமக்கு நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை.

மலாய்க்காரர்களின் வழக்கம் எளிமையானது. நோன்புப் பெருநாளில் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் பச்சை உறையில் பணம் கொடுக்கிறார்கள், அதை ‘டுயிட் ராயா’ என்பார்கள். ஒற்றை, இரட்டை என்ற கணக்கை அங்கே பார்ப்பதில்லை. திருமணத்துக்குப் போனால், விடைபெறும் நேரத்தில் வீட்டுப் பெரியவரின் கையைப் பற்றி வாழ்த்தும்போதே உறையை அவர் கையில் சேர்த்துவிட வேண்டும். ஆண்கள் மணமக்களின் தந்தையிடமும் பெண்கள் தாயிடமும் கொடுப்பது பொருத்தம். வலக்கையைப் பயன்படுத்துங்கள். மொய் நோட்டை மேசையில் தேடி நிற்க வேண்டாம். வெளியே வரும்போது உங்களுக்கும் ஒரு சிறு அன்பளிப்பு கிடைக்கும், முற்காலத்தில் அது அலங்கரித்த அவித்த முட்டையாக இருந்தது. துக்கம் என்றால் தாமதிக்காமல் போங்கள், ஏனெனில் முஸ்லிம்கள் நல்லடக்கத்தை இயன்றவரை அன்றைக்கே முடித்துவிடுவார்கள்.

தீபாவளிக்கு நாம் கொடுக்கும் உறை இங்கேயே வளர்ந்த பழக்கம். விளக்கும் மயிலும் அச்சிட்ட உறைகளை வங்கிகளே வெளியிடுகின்றன. அண்டை வீட்டுச் சீனப் பிள்ளைக்குத் தீபாவளியன்று கொடுப்பதானால் நான் 8 அல்லது 10 வெள்ளி வைக்கிறேன், நம் பிள்ளைகளுக்கு 11. கொடுக்கிறவரின் பண்டிகையாக இருந்தாலும், வாங்குகிறவர் மனம் குளிரும் எண்ணைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். புத்தம் புதிய தாள்தான் வேண்டும் என்று வங்கியில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. புழக்கத்தில் இருந்த, மடிப்பும் கறையும் இல்லாத நல்ல தாள்களையே பரிசுக்குப் பயன்படுத்துமாறு சிங்கப்பூர் நாணய ஆணையமும் ஊக்குவித்து வருகிறது. கைபேசியில் பணம் அனுப்பும் பேநவ் சேவை வழியாக அனுப்பினாலும் எண்ணின் முறை மாறாது. உறையாவது வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்கப்படும், கைபேசித் திரையில் தொகை அந்த நொடியே தெரிந்துவிடும் என்பதால் இன்னும் கவனமாக எண்ணைத் தட்டுங்கள்.

ஐயம் எழுந்தால் கேளுங்கள். விசேஷத்துக்குச் சில நாள் முன்பே, அந்த இனத்தைச் சேர்ந்த வேறொரு நண்பரிடம் கேட்பது நல்லது. “இது ஏன் இப்படி?” என்று தொடங்கினால், தம் நம்பிக்கைக்கு நியாயம் சொல்ல வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளிவிடுவோம். “உங்கள் வீட்டில் எப்படிச் செய்வீர்கள், ஆன்ட்டி?” என்று கேட்டால், அவர் தம் பாட்டி செய்ததிலிருந்து கதையைத் தொடங்குவார். ஒரே இனத்துக்குள்ளும் குடும்பத்துக்குக் குடும்பம் முறை மாறும் என்பதால், அந்த வீட்டின் பதிலே உங்களுக்குத் தேவையான பதில்.

என் வீட்டு மேசை இழுவறையில் சிவப்பு, வெள்ளை, பச்சை உறைகளும் மயில் போட்ட நம் உறைகளும் தனித்தனிக் கட்டுகளாக இருக்கின்றன. பக்கத்தில் ஊதா நிற இரண்டு வெள்ளித் தாள்கள் கொஞ்சம், ஒரு சிறு டப்பா நிறைய ஒரு வெள்ளி நாணயங்கள். வெள்ளை உறைகளை மட்டும் அடியில், மற்றவற்றோடு ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.